குச்சிக்குக் கரண்டு மெத்தையா?

42 வெள்ளி 90 காசு. இணையத்தில் நான் வாங்கிய, 'வீட்டிலேயே செடி பெருக்கும் பெட்டி' என்று விளம்பரம் செய்த சாமானின் விலை அது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பெண் தடித்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்று சிரிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பனி. அந்தப் படத்தைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில், ஜூரோங் வெஸ்ட்டில் ஏழாவது மாடியில், ஜனவரி மாதத்திலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாதவன் நான். உறைக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

காரணம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவரின், மல்லிகை. குண்டு மல்லி, இடுப்பு உயரம், இரண்டு கை சேர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தொட்டி. சாயங்காலம் வேலை முடிந்து லிஃப்டிலிருந்து இறங்கினால் முகத்தில் அடிக்கும் முதல் வாசம் அதுதான். மக்சிக் அதை மெலூர் என்பார். என்னோடு லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ்காரர் ஒரு நாள் சாப்பிட வந்தபோது, "சம்பகீதா!" என்று தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டார். 1934லிருந்து அவர்கள் நாட்டின் தேசிய மலர் அது. என் மனைவிக்கு அது தேக்கா சந்தையில் முழம் போட்டு வாங்க வேண்டிய பூ. பொங்கலுக்கு முதல் நாள் அந்த விலை கேட்டால் அதற்கு வாசனைத் திரவியமே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

மக்சிக் நோன்புப் பெருநாள் முடிந்ததும் மகன் வீட்டுக்குத் தெம்பனிஸ் போகிறார் என்று டிசம்பர் கடைசியில் தெரிந்தது. தொட்டியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆசைதான். ஆனால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும், குடிமைத் தற்காப்புப் படையின் விதி. என் வாசல் படிக்கட்டை ஒட்டியது. டேப் வைத்து அளந்தேன். தொட்டியை வைத்தால் 94 சென்டிமீட்டர்தான் மிஞ்சியது. மகன் வீட்டிலும் அதே கதை. தொட்டி கீழே சமூகத் தோட்டத்துக்குப் போவதென்று முடிவானது. "குச்சி வேணும்னா எடுத்துக்கோ, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ" என்றார்.

இந்தச் செடி விதையில் வருவதில்லை. நாம் வளர்க்கும் குண்டு மல்லி காய்ப்பதே அபூர்வம். குச்சி வெட்டி நட வேண்டும், இல்லை பதியம் போட வேண்டும். ஊரிலிருந்து பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செடி கொண்டுவர தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கையில் இருந்தது மக்சிக்கின் செடி, ஏறக்குறைய பதினோரு வாரம். தவறவிடக் கூடாது என்ற பதற்றத்தில்தான் பெட்டியை வாங்கினேன். பதற்றத்தில் வாங்கிய எந்தச் சாமான் உருப்பட்டிருக்கிறது?

பெட்டிக்குள் இருந்தவை: 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, அதன் கீழே வைக்க ஓட்டையில்லாத ஒரு தட்டு, மேலே கவிழ்க்க ஒளி புகும் மூடி, தண்ணீரில் போட்டால் உப்பும் 24 பீட் வட்டுகள் (மண்ணுக்குப் பதில்), 10 கிராம் வேர் ஊக்கிப் பொடி, தெளிப்பான், பெயர் எழுதும் சீட்டுகள், அப்புறம் கரண்டில் சூடாகும் ஒரு ரப்பர் விரிப்பு. குறிப்புத் தாளின் மூன்றாவது வரி, 'உறைபனி படாத இடத்தில் வைக்கவும்.' அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

விரிப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், விலையில் பாதி அதற்குத்தான் இருக்கும். குளிர் நாடுகளில் அதற்கு நியாயமான வேலை உண்டு. வெட்டிய குச்சி வேர் விட மண் இருபதுக்கு மேல், இருபத்தைந்து டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. அங்கே ஜன்னலோரம் பதினைந்து டிகிரிதான் இருக்கும் என்றால், அடியில் விரிப்பைப் போட்டுச் சூடாக்குகிறார்கள். சிங்கப்பூரில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அறை இருபத்தேழு டிகிரிக்குக் குறையாது. இதற்கு அடியில் அடுப்பு வைத்தால்?

வேலைக்குக் கொண்டுபோகும் வெப்பமானி கைவசம் இருந்தது. மோட்டார் சூடாகிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கும் கருவி. விரிப்பைப் போட்ட இரண்டாவது மணி நேரத்தில் வட்டின் மேல் காட்டிய எண் 37. மூடியைக் கவிழ்த்து, காலை வெயில் ஒரு மணி நேரம் பட்ட பிறகு 42. அது நாற்றங்கால் இல்லை, இட்லிப் பானை.

இன்னொன்று. விரிப்பின் ஒயரில் இருந்தது இரண்டு முனைப் பிளக். நம் ஊர்ச் சுவருக்கு மூன்று முனைப் பிளக், அதில் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும். இணைப்புக் கட்டை ஒன்றை விற்பவரே ஓசியில் போட்டிருந்தார். அதிலும் முத்திரை இல்லை. ஈரத் தட்டுக்கு அடியில் நாள் முழுக்க ஓடும் கரண்டுச் சாமான், முத்திரையில்லாத பிளக். என் தொழிலில் இதைப் பார்த்தால் முதலில் ஃபியூஸைப் பிடுங்குவேன். 20 வாட் என்று போட்டிருந்தது. விடாமல் ஓடினால் மாதம் பதினான்கு யூனிட், சுமார் நான்கு வெள்ளி. காசு பெரிதில்லை. குச்சியை வேக வைக்கக் காசு கொடுக்கிறோமே என்பதுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏண்டா, குச்சிக்குக் கரண்டு மெத்தையா? நம்ம தங்கச்சிமடத்துல எந்தக் குச்சியைடா மெத்தையில போட்டு வளத்தாங்க?"

தங்கச்சிமடம் தெரியாதவர்களுக்கு: ராமேசுவரம் தீவில் இருக்கிறது. மல்லிகை நாற்றுக்குப் பேர் போன ஊர். 2013ல் புவிசார் குறியீடு வாங்கியதே மதுரை மல்லி, அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு நாற்று இந்தத் தீவிலிருந்துதான் கட்டுக் கட்டாகப் போகிறது. அங்கே மண் என்றால் மணல்தான். தண்ணீர் விட்டால் நிற்காது, இறங்கிவிடும். அந்த மணலில் சாய்த்துக் குச்சி நட்டு, காயாமல் தண்ணீர் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அம்மா சொன்னதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் மணல். பெட்டியில் இல்லாததும் அதுதான்.

இருந்தாலும் காசு கொடுத்தாகிவிட்டதே. சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று 24 குழித் தட்டைக் கத்தரியால் மூன்று துண்டாக்கினேன், ஒன்றுக்கு எட்டுக் குழி. தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஏ, பி, சி என்று சீட்டு எழுதிக் குத்தினாள். ஏ வரிசைக்குப் பெட்டியில் சொன்னபடியே எல்லாம்: பீட் வட்டு, பொடி, மூடி, விரிப்பு. பி வரிசைக்கு விரிப்பும் மூடியும் வட்டும் கிடையாது; கீழ்த்தளத்தில் செடி விற்கும் அங்கிளிடம் வாங்கிய பெருமணலும் தேங்காய் நார்த்தூளும் பாதிக்குப் பாதி, அதோடு பொடி. சி வரிசை பியைப் போலவே, பொடி மட்டும் இல்லை.

குச்சி எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான், பெட்டியின் தாளிலும் இரண்டே வரி. பூவும் மொட்டும் இருக்கிற கிளையை விட்டுவிட வேண்டும். நுனியில் பச்சையாக வளைகிற இளந்தண்டு அழுகிவிடும். அடியில் பழுப்பாக மரம் மாதிரி ஆனது சோம்பேறி. நடுவில் ஒரு பகுதி இருக்கிறதே, பச்சையும் பழுப்பும் கலந்து, குடைக்கம்பி பருமனில், வளைத்தால் கொஞ்சம் அடம் பிடிக்குமே, அதுதான் வேண்டும். காலை ஏழரைக்கு, இலை விறைப்பாக இருக்கும்போது, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் வெட்டினேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர், மூன்று அல்லது நான்கு கணு. கீழ் வெட்டு கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே, ஏனென்றால் வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டே இலை, அதையும் பாதியாக நறுக்கினேன். வேரில்லாத குச்சியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை மட்டும் தண்ணீரைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். வருமானமில்லாதவன் செலவைக் குறைக்க வேண்டியதுதான்.

மூடியின் வேலையும் அதே கணக்குத்தான். உள்ளே காற்று ஈரமாக இருந்தால் இலை தண்ணீர் விடுவது குறையும். ஹீட்டர் ஓடும் வறண்ட அறைக்கு அது சரி. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 வரை இறங்கும். ஜனவரி மழையில் என் சட்டையே மூன்று நாளாகியும் காயவில்லை. குச்சிக்குத் தனியாக மூடி எதற்கு?

ஆறாவது நாள் ஏ வரிசையின் மூடிக்குள் எதுவுமே தெரியவில்லை, அவ்வளவு வியர்த்திருந்தது. ஒன்பதாவது நாள் திறந்தபோது ஒரு வாடை, பழைய சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி. நான்கு குச்சிகளின் அடி கறுத்திருந்தது. வட்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூசணம். அன்றே விரிப்பின் பிளக்கைப் பிடுங்கினேன், காலம் கடந்துவிட்டது. மாதக் கடைசியில் ஏ வரிசையில் உயிரோடு இருந்தது ஒன்று.

பி வரிசை முதல் இரண்டு வாரம் எதையுமே காட்டவில்லை. தாழ்வாரத்தின் நிழலான மூலை, காலையில் மட்டும் அரை மணி நேரம் சாய்வெயில். தினமும் இரண்டு தடவை தெளிப்பானால் லேசாக ஈரம். என் மனைவி, "ஏங்க, அதைத் தினமும் இழுத்துப் பாக்காதீங்க" என்று இரண்டு தடவை கண்டித்தாள். அவள் சொன்னது சரி. இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் கிளம்பிய நூல் வேர் அறுந்துவிடும். பத்தொன்பதாவது நாள் ஒரு கணுவில் அரிசி முனை மாதிரி பச்சை. அதையும் நம்பக்கூடாது, குச்சியில் மிச்சமிருக்கும் சத்தில் துளிர் வரும், வேர் இருக்காது. 32வது நாள் தட்டின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அன்றுதான் நம்பினேன். பியில் எட்டுக்கு ஆறு பிழைத்தன. பொடியில்லாத சியில் எட்டுக்கு நான்கு, அவையும் பத்து நாள் பிந்தித்தான்.

சரி, விமர்சனத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தபோது மகள் விடவில்லை. "அப்பா, ஏ வரிசைல மூணு விஷயத்தை ஒண்ணா மாத்திட்டீங்க. எது கொன்னுச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? டீச்சர் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு சொல்லியிருக்காங்க." பதினோரு வயது. பதில் சொல்ல முடியவில்லை. பிப்ரவரி முதல் வாரம் மக்சிக்கின் செடியிலிருந்து இன்னும் பதினாறு குச்சி வெட்டினேன். எட்டு குச்சி மணல் கலவையில், பொடியோடு, நிழலில், மூடி போட்டு, மூடியின் காற்றுத் துளைகளைத் திறந்துவைத்து. மீதி எட்டு பீட் வட்டில், பொடியோடு, மூடியில்லாமல். விரிப்பை மறுபடி சோதிக்க மனம் வரவில்லை. அந்தப் பிளக்கை இன்னொரு தடவை சுவரில் செருக மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அதை அவள் குறையாகவே குறித்துக்கொண்டாள்.

மூடி போட்டதில் ஐந்து பிழைத்தன. ஆக நிழலில் வைத்தால் மூடி எமன் இல்லை. ஆனால் மூடியில்லாமலே ஆறு வந்ததே. வட்டில் பிழைத்தது இரண்டு. அந்த வட்டு எங்கோ சதுப்பு நிலத்தில் மட்கிய செடிக் கரியை அமுக்கிச் செய்தது. தண்ணீரைக் குடித்தால் விடாது. வறண்ட அறையில் அது நல்ல குணம். நம் ஊர்க் காற்றில் நான்கு நாளானாலும் பிழிந்தால் சொட்டுகிறது. மேலே சுற்றியிருக்கும் வலையும் மட்காது. பிழைத்த இரண்டின் வேரும் அந்த வலையில் சிக்கிக்கொண்டு, நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக அறுக்க வேண்டியதாயிற்று. வட்டுக்கு என் மதிப்பெண் பூஜ்யம்.

எட்டு எட்டுக் குச்சியில் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது, தெரியும். என் தாழ்வாரத்தில், ஜனவரி பிப்ரவரியில், இந்தச் செடிக்கு நடந்தது இது.

இப்போது பொடி. இந்தப் பெட்டியில் உருப்படியானது அதுதான், மனதாரச் சொல்கிறேன். பொட்டலத்தில் இண்டோல் பியூட்ரிக் அமிலம் 0.3 விழுக்காடு என்று தெளிவாகப் போட்டிருந்தது. அது முக்கியம். என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதாமல் 'மாய வேர்ப் பொடி' என்று விற்பதை வாங்காதீர்கள். இளந்தண்டுக்கு 0.1, பாதி முற்றிய தண்டுக்கு 0.3, கட்டை மாதிரி முற்றியதற்கு 0.8 என்பது பொதுவான கணக்கு. ஆக மல்லிகையின் நடுத்தண்டுக்கு இது பொருத்தமான அளவு. வேர் விடும் வேலையை மருந்து தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். அழுகுகிற குச்சியை அது காப்பாற்றாது, ஏ வரிசைக்கும் இதே பொடியைத்தான் போட்டேன்.

தாளில் சொல்லாத சில விஷயங்கள். பொட்டலத்துக்குள் நேராகக் குச்சியைத் தொட்டால் ஈரம் இறங்கி மிச்சப் பொடி வீணாகும். ஒரு சோடா மூடியில் கொஞ்சம் கொட்டி, அதில் தொட்டு, மிஞ்சியதைத் தூக்கிப்போட வேண்டும். தொட்ட பிறகு குச்சியை விரலால் ஒரு தட்டுத் தட்டி உபரியை உதிர்க்க வேண்டும். கூடப் போட்டால் கூட வேர் வராது, அடி கருகும். மண்ணில் நேராகக் குத்தினால் பொடி மேலேயே வழிக்கப்பட்டு நின்றுவிடும். முதலில் ஈர்க்குச்சியால் துளை போட்டு, பிறகு இறக்க வேண்டும். மிச்சத்தை வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு, மேலே பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். பெரிதாக எழுதாமல் வைத்த முதல் நாள் மனைவி அதை ஆப்பசோடா என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் என் மதிப்பு குறைந்திருந்தது.

32 குச்சிக்குத் தொட்டும் பத்து கிராமில் கால்வாசிகூடக் கரையவில்லை. பொடியை மட்டும் தனியாக விற்றால் பத்து வெள்ளி கொடுத்தும் வாங்குவேன்.

குழித்தட்டு பரவாயில்லை. கத்தரியால் வெட்டியும் உடையவில்லை, ஓட்டைகள் பெரிது, அடியிலிருந்து விரலால் தள்ளினால் மண்கட்டி சிதறாமல் வெளியே வருகிறது. திரும்பத் திரும்பப் பயன்படும்.

அடித்தட்டு விவகாரம் வேறு. 'எப்போதும் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி வைக்கவும்' என்கிறது தாள். சிங்கப்பூரில் இந்த வரியை அச்சடித்து விற்க அனுமதித்தவர் யார் என்று தெரிந்தால் ஒரு வணக்கம் போடலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும், அதற்கு இந்தத் தட்டின் ஒரு சென்டிமீட்டர் ஏராளம். செடித் தொட்டியின் தட்டில் தண்ணீர் நிற்க விடாதே என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் எத்தனை வருடமாக ஒவ்வொரு புளோக்கிலும் ஒட்டிவைத்திருக்கிறது! அதிகாரிகள் கதவைத் தட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்டிக்காரர் வந்து அபராதம் கட்டப்போவதில்லை. தட்டின் அடியில் ஆணியைச் சுட்டு ஆறு ஓட்டை போட்டுவிட்டேன். தெளிப்பான் பதினேழாவது நாளே அடைத்துக்கொண்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விற்றவரிடம் எழுதினேன். வெப்பமானிப் படம், கறுத்த குச்சியின் படம், பிளக்கின் படம், மூன்றையும் அனுப்பினேன். 'தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள் நண்பரே' என்று பதில் வந்தது, ஒரு பூப்படத்தோடு. பிளக்கைப் பற்றி மறுபடி கேட்டேன். ஐந்து வெள்ளிக் கழிவுச் சீட்டு அனுப்பினார்கள், அடுத்த பெட்டி வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம்.

இதற்கிடையில் அம்மாவின் பேச்சைக் கேட்டு மக்சிக்கின் தொட்டியிலேயே இரண்டு பதியம் போட்டிருந்தேன். அதற்குச் செலவே இல்லை. கீழே தாழ்ந்து வளைந்த கிளையில், ஒரு கணுவின் அடிப்பக்கத் தோலை நகத்தால் லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த மார்ஜரின் டப்பா மணலுக்குள் அந்தக் கணு புதையும்படி வளைத்து, மேலே ஒரு கூழாங்கல். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாய்ச்செடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதால் குச்சிக்குப் பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. எட்டு வாரம் எடுத்துக்கொண்டது. மார்ச் நடுவில் தாய்க் கிளையை அறுத்தேன், இரண்டும் வாடவே இல்லை. வேரைப் பார்த்தால் பி வரிசையைவிட இரண்டு மடங்கு. இடமும் பொறுமையும் இருக்கிறவர்களுக்குப் பெட்டியும் வேண்டாம், பொடியும் வேண்டாம், குச்சி வெட்டவும் வேண்டாம்.

மக்சிக்குக்கும் இதில் லாபம். நாற்பது குச்சி வெட்டியதில் அவருடைய செடிக்கு நல்ல கவாத்து ஆகிவிட்டது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். வெட்ட வெட்டத் துளிர், துளிரத் துளிரப் பூ. பிப்ரவரியில் மழை விட்டு வெயில் ஏறியதும் அது பூத்த பூப்பை நான் இந்த ஏழு வருடத்தில் பார்த்ததில்லை. நோன்புப் பெருநாள் காலையில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீரில் மிதக்கவிட்டு வரவேற்பறையில் வைத்திருந்தார்.

யாருக்கு இந்தப் பெட்டி? மெல்பர்னிலோ லண்டனிலோ படிக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம், பிளக்கை மாற்றி. இங்கே இருக்கிறவர்களுக்கு: பெருமணல் ஒரு பை, நார்த்தூள் ஒரு கட்டி, அடியில் ஓட்டை போட்ட பழைய தயிர் டப்பாக்கள். அங்கிளிடம் எனக்கு ஆன செலவு ஆறு வெள்ளி. நார்த்தூளை இரண்டு தடவை தண்ணீரில் அலசுங்கள், உப்பு இருக்கும். கடற்கரையில் மணல் அள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது, உப்பும் உண்டு, தவறும் கூட. 0.3 பொடி தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். பிழைத்த செடி ஐந்தாறு இலை விட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்றி, மெதுவாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். வேர் பிடிக்க நிழல், பூ பூக்க வெயில்: தினமும் ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் படாத தாழ்வாரத்தில் மல்லிகை இலையாகத்தான் நிற்கும். உங்கள் வீடு அப்படியென்றால் குச்சி வேர் விட்டும் பயனில்லை, அந்த ஏமாற்றத்துக்கு எந்தப் பெட்டிக்காரரும் பொறுப்பில்லை.

கணக்கு: குச்சியில் பதினெட்டு, பதியத்தில் இரண்டு. மக்சிக் லாரி ஏறிய அன்று பதியச் செடியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து போனார். பிலிப்பீன்ஸ்காரருக்கு இரண்டு. மகளின் வகுப்புக்கு ஒன்று, ஏ வரிசையில் தப்பிய அந்த ஒற்றைச் செடி. அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மற்றவை எங்கள் புளோக்கில் மூன்றாவது மாடியிலிருந்து பதினொன்றாவது மாடி வரை இருக்கின்றன, லிஃப்ட் பழுது பார்க்கும்போது கதவு திறக்கையில் சில தெரியும்.

போன வாரம் விற்றவரிடமிருந்து மறுபடி செய்தி. ஐந்து நட்சத்திரம் போட்டால் இரண்டு வெள்ளி திருப்பித் தருவார்களாம். இரண்டு நட்சத்திரம் போட்டேன். ஒன்று பொடிக்கு, ஒன்று குழித்தட்டுக்கு. விரிப்பின் ஒயரை அறுத்துவிட்டேன், யாரும் தெரியாமல் எடுத்துச் செருகிவிடக் கூடாதே. ரப்பர் நல்ல ரப்பர்தான். இப்போது வாசலில் மல்லிகைத் தொட்டிக்கு முன்னால் மிதியடியாகக் கிடக்கிறது.